"தயங்காம உதவி கேளுங்க" சரி, யார்கிட்ட கேக்கறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனநலம், கடன், படிப்பு, வேலையில்லா கஷ்டம், எதைப்பத்தி கட்டுரை வந்தாலும் நம்ம பேப்பர்ல கடைசி பாராவுல ஒரு வரி தவறாம வந்துடுது, தயக்கத்தை விட்டுட்டு உதவி கேளுங்கன்னு. எழுதறவங்க நல்ல மனசோடதான் எழுதறாங்க, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. ஆனா ஒவ்வொரு தடவை அதை படிக்கும்போதும் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. ஒரு கஷ்டம்னு வந்தா போன்ல யாரோட நம்பரை முதல்ல தேடுவோம்ன்றது நம்ம குணத்தை மட்டும் வச்சு முடிவாகறது இல்லைங்க, எந்த வீட்ல பொறந்தோம், அப்பா அம்மா என்ன வேலை பாத்தாங்க, சின்ன வயசுல நாம கேட்டப்போ எதிர்ல இருந்தவங்க என்ன முகம் காட்டினாங்க, இதையெல்லாம் வச்சு பெரும்பாலும் முன்னாடியே முடிவாகி இருக்கு. தயக்கத்தை தனிமனுஷனோட குறைன்னு எழுதிட்டோம்னா மத்த எல்லாருக்கும் வேலை முடிஞ்சுது. அதனாலதான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

நான் காலேஜ்ல பாடம் எடுக்கறவன். ஒவ்வொரு பேட்ச்லயும் இதை பாக்கறேன். அப்பாவோ அம்மாவோ டிகிரி முடிச்ச வீட்டுப் பிள்ளைங்க முதல் மாசமே ஸ்டாஃப் ரூமுக்குள்ள வந்துடுவாங்க, சார் இந்த சேப்டர் புரியல, சார் அசைன்மென்ட் வைக்க இன்னும் கொஞ்சம் டைம் வேணும், சார் எனக்கு ஒரு ரெகமண்டேஷன் லெட்டர் தருவீங்களான்னு சாதாரணமா கேப்பாங்க, நாம முடியாதுன்னு சொன்னாலும் முகம் வாடாது, மறுநாள் வேற சாரை போய் கேப்பாங்க. அதே நேரத்துல தன் குடும்பத்துலேர்ந்து முதன்முதலா காலேஜ் படி ஏறின பிள்ளை வாசல் வரைக்கும் வரும், உள்ள நாலு பேர் பேசிட்டு இருக்கறதை பாக்கும், அப்படியே திரும்பிடும். ஃபீஸ் கட்ட முடியலன்ற விஷயத்தை பரீட்சைக்கு உக்கார விட மாட்டோம்னு ஆபீஸ்ல சொல்ற வரைக்கும் வெளியில விடாது. அப்பவும் நமக்கு தெரிய வர்றது அந்த பிள்ளை சொல்லி இல்ல, பக்கத்துல உக்கார்ற இன்னொரு பிள்ளை வந்து மெதுவா சொல்லும், அதுவும் அநேகமா அதே மாதிரி ஒரு வீட்லேர்ந்துதான் வந்திருக்கும். அதாவது அந்த பிள்ளை யார்கிட்டயுமே சொல்லாம இல்ல, தன்னை மாதிரியே கையில ஒண்ணும் இல்லாத இன்னொருத்தர்கிட்ட சொல்லியிருக்கு. ஸ்டாஃப் ரூம்ல இதுக்கு "அவனுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல"ன்னு ஒரு தீர்ப்பு எழுதிடுவாங்க, எனக்கு அதை கேக்கவே பொறுக்காது.

இது என் காலேஜ் கதை மட்டும் இல்ல. ஜெசிக்கா கலார்கோன்னு ஒரு அமெரிக்க சமூகவியல் ஆய்வாளர், ஒரு ஆரம்பப் பள்ளியில வருஷக்கணக்கா கிளாஸ்லயே உக்காந்து பிள்ளைங்க எப்படி உதவி கேக்கறாங்கன்னு கவனிச்சு 2011ல எழுதினாங்க. நடுத்தர வர்க்கத்து பிள்ளைங்க டீச்சரை கூப்பிடுவாங்க, குறுக்க பேசுவாங்க, நேரா மேஜைக்கே போய் நிப்பாங்க, தொழிலாளி வீட்டுப் பிள்ளைங்க டீச்சர் கண்ணுல படற வரைக்கும் காத்திருப்பாங்க, இல்லன்னா கேக்காமலே விட்டுடுவாங்க. யார் அதிகம் கேக்கறாங்களோ அவங்களுக்கு டீச்சரோட நேரமும் அதிகம் போகுது. அடுத்து அந்த பிள்ளைங்களோட அப்பா அம்மாகிட்ட பேசி பாத்ததுல, இது பிள்ளைங்க தானா வளத்துக்கிட்ட குணம் இல்ல, வீட்லேர்ந்தே சொல்லிக் கொடுத்து அனுப்பறதுன்னு தெரிய வந்துது. ஒரு வீட்ல "புரியலன்னா கேளு, கேக்கறதுக்குதான் டீச்சர்"ன்னு அனுப்பறாங்க, இன்னொரு வீட்ல "டீச்சரை தொந்தரவு பண்ணாத, உன் வேலையை நீ பாரு"ன்னு அனுப்பறாங்க.

இந்த ரெண்டாவது அப்பா அம்மாவை யாரும் குறை சொல்லிடாதீங்க, அதுக்காகவே இதை கொஞ்சம் விளக்கி சொல்றேன். அவங்க வேலை பாக்கற இடத்துல அடிக்கடி கேள்வி கேட்டா வேலை தெரியாதவன்னு பேர் வரும், லீவு கேட்டா ஆள் மாத்திடுவாங்க, முதலாளி கண்ணுல படாம இருக்கறதுதான் பாதுகாப்பு. அவங்க வாழ்க்கையில நிஜமாவே பலன் கொடுத்த பாடத்தைதான் பிள்ளைக்கு கொடுக்கறாங்க, பாசத்துல ஒரு குறையும் கிடையாது. பிள்ளை போய் சேர்ற இடம் மட்டும் வேற மாதிரி விதியில ஓடுது, கேக்கறவனுக்குத்தான் அங்க கிடைக்கும், அந்த விதியை யாரும் அவங்ககிட்ட வாய்விட்டு சொன்னதே இல்ல.

இதை மாத்த முடியும்ன்றதுக்கும் ஆதாரம் இருக்கு, எனக்கு நம்பிக்கை கொடுக்கறதே அதுதான். ஆந்தனி ஜாக்னு இன்னொரு ஆய்வாளர், பெரிய பல்கலைக்கழகத்துல சேர்ந்த ஏழை மாணவர்களை ரெண்டு கூட்டமா பிரிச்சு பாத்தார். ஸ்காலர்ஷிப்புல முன்னாடியே வசதியான தனியார் பள்ளியில படிச்சுட்டு வந்தவங்க ஒரு கூட்டம், சாதாரண ஏழைப் பகுதி பள்ளியிலேர்ந்து நேரா வந்தவங்க இன்னொரு கூட்டம். ரெண்டு பேர் வீட்லயும் வறுமைதான், ஆனா முதல் கூட்டம் பேராசிரியர் ரூமுக்குள்ள சகஜமா போகுது, ரெண்டாவது கூட்டம் ஒதுங்கியே நிக்குது. அப்போ காசு இல்லாதது மட்டும் காரணம் இல்ல, பெரியவங்ககிட்ட போய் கேக்கலாம், கேட்டா தப்பா நினைக்க மாட்டாங்கன்ற பழக்கம் எங்கயாவது ஒரு இடத்துல கிடைச்சிருக்கணும். 2014ல நிக்கோல் ஸ்டீபன்ஸ்ன்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளரும் அவங்க கூட இருந்தவங்களும் ஒரு சோதனை பண்ணாங்க. காலேஜ் ஆரம்பத்துல சீனியர்களை மேடையில உக்கார வச்சு பேச விட்டாங்க, அந்த சீனியர்ங்க எங்க வீட்ல யாரும் காலேஜ் போனதில்ல, அதனால எனக்கு இது தெரியாம இருந்துச்சு, இவங்ககிட்ட போய் கேட்டேன்னு தன் பின்னணியோட சேர்த்து சொன்னாங்க. ஒரே ஒரு கூட்டம்தான், அதுக்கே வருஷக் கடைசியில முதல் தலைமுறை பிள்ளைங்க பேராசிரியர்களை போய் பாக்கறது அதிகமாச்சு, மார்க்குல இருந்த இடைவெளியும் பெரிய அளவுல குறைஞ்சுது. இன்னொரு குழுவுக்கும் சீனியர்கள் வந்து அதே மாதிரி ஆலோசனைதான் சொன்னாங்க, ஆனா பின்னணியை பத்தி பேசாம, பொதுவா. அந்த குழுவுல இந்த பலன் வரல. வெறுமனே "கேளுங்க"ன்னு சொல்றதுக்கும், உன்னை மாதிரி ஒருத்தன் கேட்டான் கிடைச்சுதுன்னு காட்டறதுக்கும் எவ்ளோ வித்தியாசம் பாருங்க.

பெரியவங்க உலகத்துக்கு வருவோம். ஏழைங்களுக்கு சொந்தபந்தம் துணை, அவங்களுக்குள்ள ஒத்துமை ஜாஸ்தின்னு ஒரு பேச்சு இருக்கு. உண்மைதான், ஆனா அதோட விலையை யாரும் பேசறதில்ல. கரோல் ஸ்டாக்ன்ற மானுடவியலாளர் 1960கள் கடைசியில அமெரிக்காவுல ஒரு ஏழை கறுப்பின மக்கள் பகுதியில பழகி எழுதின ஒரு சம்பவம் எனக்கு மறக்கவே மறக்காது. அங்க ஒரு தம்பதிக்கு எதிர்பாராம 1500 டாலர் பரம்பரை சொத்து வருது, அதை முன்பணமா வச்சு ஒரு வீடு வாங்கிடலாம்னு நினைக்கறாங்க. விஷயம் வெளிய தெரிஞ்சதும் ஒரு சொந்தத்துக்கு வாடகை பாக்கி, இன்னொருத்தருக்கு சாவுக்கு போக டிக்கெட், இன்னொருத்தருக்கு வேற அவசரம், சில வாரத்துல பணம் முழுசா கரைஞ்சுது. அவங்க யாருக்கும் இல்லன்னு சொல்ல முடியாது ஏன்னா இதே ஆளுங்கதான் இத்தனை வருஷம் இவங்களுக்கு கொடுத்து காப்பாத்தினவங்க, நாளைக்கும் இவங்கதான் வேணும். படிக்கறவங்களுக்கு இது ஏமாளித்தனமா தெரியலாம், எனக்கு அப்படி தெரியல, பேங்கும் இன்ஷூரன்ஸும் எட்டாத இடத்துல மனுஷங்கதான் பேங்க். அந்த பேங்க்ல பணம் போட்டவங்க எல்லாருக்கும் ஒரே நாள்ல அவசரம் வந்துடும்ன்றதுதான் கஷ்டம், ஏன்னா எல்லாரும் ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி கூலி, ஒரு ஃபேக்டரி மூடினா எல்லா வீட்லயும் ஒண்ணா விளக்கு அணையும்.

வேலை தேடறதுலயும் இதேதான். மார்க் கிரனோவெட்டர்ன்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973ல எழுதின கட்டுரை ரொம்ப பிரபலம், தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்ககிட்ட அந்த ஆளை எவ்ளோ அடிக்கடி பாப்பீங்கன்னு கேட்டார், அடிக்கடி பாக்கறவங்க மூலமா கிடைச்சது 16.7 சதவீதம்தான், எப்பவாவது பாக்கறவங்க 55.6, ரொம்ப அபூர்வமா பாக்கறவங்க 27.8. அதாவது நெருங்கினவங்களுக்கு தெரிஞ்சது நமக்கும் ஏற்கனவே தெரியும், தூரத்து பழக்கத்துலேர்ந்துதான் புது தகவல் வருது. ஆனா அவர் கேட்டது ஆபீஸ் உத்தியோகத்துல இருந்தவங்ககிட்ட, அவங்களுக்கு தூரத்து பழக்கம்னா இன்னொரு கம்பெனி மேனேஜர், பழைய கிளாஸ்மேட். கூலி வேலை பாக்கற ஒருத்தருக்கு தூரத்து பழக்கம்னா இன்னொரு கூலி வேலைக்காரர். சாண்ட்ரா ஸ்மித்ன்ற சமூகவியலாளர் அமெரிக்காவுல வருமானம் குறைஞ்ச கறுப்பின மக்கள்கிட்ட பேசி பாத்தப்போ இன்னொண்ணு தெரிஞ்சுது, வேலையில இருக்கறவங்களே தன் தோஸ்த்தை சிபாரிசு பண்ண பயப்படறாங்க. அவன் ஒரு நாள் லேட்டா வந்தா என் பேரும் சேர்ந்து கெடும், என் வேலையே ஆட்டம் காணும்ன்ற பயம். தேடறவனுக்கும் அது தெரியும், அதனால அவனும் கேக்கறதை நிறுத்திடறான். இவங்களைப் பாத்து சுயநலம்னு சொல்லாதீங்க, ரெண்டு பேர் நிக்கற இடமும் அவ்ளோ வழுக்கல்.

2022ல ராஜ் செட்டின்ற பொருளாதார நிபுணரோட குழு அமெரிக்காவுல 7 கோடிக்கு மேல ஃபேஸ்புக் கணக்குங்களோட நட்புகளை வச்சு பண்ண ஆய்வுல, ஏழைக் குடும்பத்து பிள்ளைங்க வசதியானவங்களோட நட்பு அதிகமா இருக்கற இடத்துல வளர்ந்தா பெரியவங்களானப்புறம் அவங்க வருமானம் கூடுதலா இருக்குன்னு வந்துச்சு, வசதியான வீட்டுப் பிள்ளைங்களுக்கு இருக்கற அளவு அப்படிப்பட்ட தொடர்பு இவங்களுக்கும் இருந்தா சராசரியா 20 சதவீதம் கூடும்னு கணக்கு சொல்றாங்க. யாரை தெரியும்ன்றது எவ்ளோ பெரிய சொத்துன்னு இதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல.

மனசு சரியில்லன்னா யார்கிட்ட போறாங்கன்றதுலயும் பின்னணி அப்படியே தெரியுது. 1957ல அமெரிக்கா முழுக்க எடுத்த ஒரு சர்வேல தன் பிரச்சினைக்காக உதவி தேடி போனதா சொன்னவங்கள்ல 42 சதவீதம் பேர் போனது பாதிரியார்கிட்ட, 29 சதவீதம் பொது டாக்டர்கிட்ட, மனநல மருத்துவர், உளவியலாளர்னு போனவங்க வெறும் 18. படிப்பு ஏற ஏற அந்த மாதிரி உதவி தேடறதும் ஏறுச்சு. அதே காலகட்டத்துல அமெரிக்காவோட நியூ ஹேவன் நகரத்துல ஹாலிங்ஸ்ஹெட், ரெட்லிக்னு ரெண்டு ஆய்வாளர்கள் பண்ண ஆய்வு இன்னும் கொடுமையா இருக்கும். வசதியானவங்க குடும்பத்தோட, டாக்டரோட ஆலோசனையில சிகிச்சைக்கு வந்து பேசி குணமாகற வைத்தியம் வாங்கறாங்க, அடித்தட்டுல இருக்கறவங்க போலீஸ், கோர்ட் வழியா வந்து சேர்றாங்க, அவங்களுக்கு மருந்தும் அடைப்பும். இதெல்லாம் பழைய கதைன்னு ஒதுக்கிடாதீங்க. யார் முதல்ல கவனிக்கறாங்க, டாக்டரா போலீஸான்னு ஒருத்தரோட பின்னணிதான் தீர்மானிக்கற நிலைமை இன்னும் போகல. 1971லயே ஜூலியன் டியூடர் ஹார்ட்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர் எழுதினார், நல்ல வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவங்களுக்குத்தான் குறைவா கிடைக்குதுன்னு.

ஹெல்ப்லைன் நம்பர் போடறீங்க, நல்லது, ஒரு உயிர் காப்பாத்தினாலும் புண்ணியம். ஆனா அந்த நம்பருக்கு பேச தனியா ஒரு ரூம் வேணும், தனக்குன்னு ஒரு போன் வேணும். ஒரே ரூம்ல அஞ்சு பேர் இருக்கற வீட்ல, மாமியாரும் புருஷனும் காதுல விழற தூரத்துல இருக்கும்போது ஒரு பொண்ணு என்னன்னு பேசுவா சொல்லுங்க. வேற நாட்டுல போய் குடியேறின குடும்பங்கள்ல இன்னொரு நிலைமை, அங்கத்து மொழி தெரிஞ்சது வீட்ல பள்ளிக்கூடம் போற பிள்ளை மட்டும்தான். ஆஸ்பத்திரியில அம்மாவுக்கு என்ன வியாதின்னு டாக்டர் சொல்றதை அந்த பிள்ளைதான் கேட்டு அம்மாவுக்கு சொல்லணும். தனக்கு மனசு சரியில்லன்னு அந்த அம்மா எந்த வாயால தன் பிள்ளையை வச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட சொல்லுவாங்க? அந்த பிள்ளை மேல இறங்கற பாரத்தை யார் கேக்கறாங்க? இதை பத்தி தனியா ஒரு கட்டுரையே நீங்க போடணும்.

வசதி இருக்கறவங்களுக்கு எல்லாம் சுலபம்னு நான் சொல்ல வரல. கௌரவம்னு ஒண்ணு இருக்கற குடும்பத்துல வெளிய தெரியக்கூடாதுன்னே நிறைய பேர் உள்ளுக்குள்ள உடைஞ்சு போறாங்க. ஆம்பளைங்க நிறைய பேருக்கு மனசு விட்டு பேச இருக்கற ஒரே ஆள் மனைவி, அவங்க போயிட்டா அதோட பேச்சே முடிஞ்சு போகுது, அழாம வளக்கறதோட பலன் அது. ஆனா பண உதவி, சட்ட உதவின்னு வரும்போது இவங்களுக்கு ஒரு வக்கீல் நண்பர், ஒரு டாக்டர் சொந்தம் கூப்பிடற தூரத்துல இருக்காங்க. மனசுக்கு ஆள் இல்லாத தனிமை வேற, எதுக்குமே ஆள் இல்லாத தனிமை வேற.

பண்பாடும் சேருது. ஷெல்லி டெய்லர், ஹீஜங் கிம் போன்ற உளவியலாளர்கள் 2004லேர்ந்து பண்ண ஆய்வுகள்ல, கொரியாவுல இருக்கறவங்களும் அமெரிக்காவுல வாழற ஆசிய வம்சாவளியினரும் ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களை விட வெளிப்படையா உதவி கேக்கறது குறைவுன்னு தெரிஞ்சுது, காரணம் அடுத்தவங்களை சிரமப்படுத்தறோமோ, உறவு கெட்டுடுமோன்ற கவலை. பிரச்சினையை வாய்விட்டு சொல்லாம, நெருங்கினவங்களை நினைச்சுக்கறது, சும்மா அவங்க கூட இருக்கறது, அதுவே இவங்களுக்கு ஆறுதலா இருக்குன்னும் பாத்திருக்காங்க. இதை படிச்சப்போ எனக்கு பல பேரோட மௌனம் புரிஞ்சுது. கேக்கலன்றதுக்காக அவங்களுக்கு வேணாம்னு அர்த்தம் இல்ல, வந்து பக்கத்துல உக்காருங்கன்னு அர்த்தம்.

மாரியோ ஸ்மால்ன்ற சமூகவியலாளர் சொல்றது இன்னும் யோசிக்க வைக்குது. முக்கியமான விஷயத்தை யார்கிட்ட பேசறோம்னு பாத்தா கிட்டத்தட்ட பாதி பேர் நமக்கு நெருக்கமே இல்லாதவங்க. நெருங்கினவங்ககிட்ட சொன்னா கவலைப்படுவாங்க, திட்டுவாங்கன்னு ஒளிச்சுட்டு, அந்த நேரத்துல எதிர்ல இருந்தவங்க, அந்த விஷயம் புரிஞ்சவங்ககிட்ட கொட்டிடறோம். அப்படின்னா ஒருத்தரோட நாள் எந்தெந்த இடத்துல கழியுது, அங்க யார் யார் எதிர்ல வர்றாங்கன்றது ரொம்ப முக்கியம். பகல் முழுக்க படிச்சவங்க, விவரம் தெரிஞ்சவங்க நடுவுல இருக்கறவருக்கு தற்செயலாவே நல்ல யோசனை கிடைச்சுடுது. பிள்ளைங்க காப்பகம், கிளினிக், லைப்ரரி, பள்ளி ஆபீஸ் மாதிரி இடங்கள்ல வேலை பாக்கறவங்களுக்கு வந்தவங்களோட ரெண்டு நிமிஷம் பேச நேரம் கொடுத்தாலே நிறைய மாறும். கூட்டம் தள்ளற கவுன்டர்ல "அடுத்தது யாரு"ன்னு கத்தற வேலையா அதை ஆக்கி வச்சிருக்கோம்.

எங்க டிபார்ட்மென்ட்ல இப்போ ஒரு சின்ன ஏற்பாடு ஓடுது. முதல் செமஸ்டர்ல எல்லா பிள்ளைங்களும் ஒரு தடவை ஒரு ஆசிரியரை தனியா வந்து பாத்தே ஆகணும், டைம்டேபிள்லயே போட்டாச்சு. யாரும் கேட்டு வர வேண்டியதில்ல, கூப்பிட்டது நாங்க, அதனால யாருக்கும் கூச்சம் இல்ல. கஷ்டம் இருக்கான்னு கேக்க மாட்டோம், ஃபீஸ் எப்படி கட்டறீங்க, வீட்லேர்ந்து வர எவ்ளோ நேரம், ராத்திரி எங்க உக்காந்து படிக்கறீங்கன்னு கேப்போம், இது எல்லாருக்கும் ஒரே கேள்வி. பதில்லயே தெரிஞ்சுடும். சில பேர் அப்பவும் "ஒண்ணும் இல்ல சார்"னு போயிடறாங்க, ஆனா ரூம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டாங்க, சிலர் பின்னாடி தானா வர்றாங்க. இது பத்தாது, எனக்கும் தெரியும், ஃபீஸுக்கு பணமே இல்லாத பிள்ளைக்கு பேச்சு மட்டும் போதாது.

உங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டுதான். உதவி கேளுங்கன்னு எழுதற இடத்துல அந்த கதவுக்கு பின்னாடி யார் இருக்காங்கன்னும் எழுதுங்க, எந்த நேரத்துல திறந்திருக்கும், என்ன மொழியில பேசுவாங்க, காசு கேப்பாங்களா, பேரை வெளிய சொல்லுவாங்களா, என்ன பேப்பர் கொண்டு போகணும், போனா முதல்ல என்ன கேப்பாங்கன்னு. விவரம் தெரிஞ்ச வீட்ல இதெல்லாம் யாராவது சொல்லிடுவாங்க, மத்த வீட்டுக்கு பேப்பர்தான் சொல்லணும். ரெண்டாவது, கேக்க வேண்டியவங்களுக்கே புத்தி சொல்லாம, மேஜைக்கு அந்தப் பக்கம் உக்கார்ற எங்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்க. டாக்டர், பேங்க் மேனேஜர், தலைமையாசிரியர், அரசு ஆபீஸ்ல ஃபார்ம் வாங்கறவங்க, இவங்கள்ல யாராவது கேக்கறதுக்கு முன்னாடியே கை நீட்டற மாதிரி தன் இடத்துல ஏதாவது மாத்தியிருந்தா அதை எழுத சொல்லி கூப்பிடுங்க, எது பலிச்சுது எது பலிக்கலன்னு சேர்த்தே எழுதட்டும். முதல் ஆளா எங்க டிபார்ட்மென்ட் அனுபவத்தை விரிவா எழுதி அனுப்ப நான் தயாரா இருக்கேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன், ஒரு கல்லூரி ஆசிரியர்